திட்டமும் மனோதர்மமும்: நாவல் எழுதும் வகை பற்றிச் சில சிந்தனைகள்

(நமது சங்கத்தின் இலக்கியக் கூட்டத்தில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)



நாவல் எழுதப் புகுகிறவன் கதை முழுவதையும் முன்கூட்டியே திட்டமிட்டுக்கொண்டு எழுத வேண்டுமா, அல்லது பேனை போகும் போக்கிலே எழுதிச் செல்ல வேண்டுமா என்பதே இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட பொருள். இது எழுத்தாளருக்கு மட்டும் உரிய தொழில் நுணுக்கமாயிற்றே, மற்றையோருக்கு இதனால் ஆவதென்ன என்று சிலர் எண்ணலாம். ஆனால் இந்தச் சபையிலே இருக்கும் இளைஞருள் எத்தனை பேருடைய மேசை லாச்சியிலே பாதி எழுதிய அப்பியாசக் கொப்பி ஒன்று கிடக்கிறது என்று கேட்டால், கை உயர்த்தக் கூச்சப்படுவோர் பலர் இருப்பர். கவிதை எழுதுகிறோம், முடிக்கிறோம். சிறுகதை எழுதுகிறோம், முடிக்கிறோம். நாவலைத் தொடங்குகிறோம், ஐந்தாம் அத்தியாயத்தில் நிற்கிறோம். ஏன் நிற்கிறோம் என்று ஆராய்வது பயனுள்ள காரியம் என்றே நாம் கருதுகிறோம்.

இவ்விஷயத்தில் இரண்டு கட்சிகள் உண்டு. ஒரு கட்சியார், எல்லாவற்றையும் தீர்மானித்த பின்பே பேனையை எடுக்க வேண்டும் என்பர். அவர்களுக்குச் சான்றோர் துணை நிறைய உண்டு. வள்ளுவப் பெருந்தகை தெரிந்து செயல்வகை என்று ஓர் அதிகாரமே வகுத்திருக்கிறார். மிசன் பாடசாலையிலே படித்த எமக்கு, கோபுரம் கட்ட விரும்புகிறவன் முதலில் இருந்து செலவைக் கணக்குப் பார்க்க வேண்டும், இல்லையேல் அத்திவாரத்தோடு நின்று ஊரார் நகைப்புக்கு இடமாவான் என்ற விவிலிய உவமையும் நினைவுக்கு வருகிறது. மற்றக் கட்சியார், கலை என்பது வாய்ப்பாடு அன்று, முடிவு தெரிந்த கதையை எழுதுவதில் எழுதுகிறவனுக்கே சுவை இராது, அவனுக்கே சுவையில்லாததை வாசகன் ஏன் வாசிக்க வேண்டும் என்று கேட்பர். இதுவும் எளிதில் தள்ளக்கூடிய கேள்வியன்று.

இக்கட்சிகளுக்கிடையே வழக்குத் தீர்க்குமுன், நமது இசை மரபை ஒருகணம் நினைத்துப் பார்ப்போம். நமது சங்கீதத்திலே, முன்னரே இயற்றப்பட்ட உருப்படியும் உண்டு. அந்தந்த வேளையிலே கற்பனையால் விரியும் மனோதர்மமும் உண்டு. இராக ஆலாபனையும், நிரவலும், கற்பனா சுரமும் முன்பே எழுதி வைத்தவையல்ல. ஆயினும் வித்துவான் இராகத்தின் எல்லையைத் தாண்டுவதில்லை. தாளத்தின் கணக்கை மறப்பதில்லை. தவில் மேதை யாழ்ப்பாணம் தெட்சணாமூர்த்தி அவர்களின் வாசிப்பைப் பற்றிப் பெரியோர் சொல்லக் கேட்டிருக்கிறோம்; ஒலிப்பதிவுகளிலே நாமும் கேட்கிறோம். அடுத்து எங்கே போவார் என்று கேட்போருக்குத் தெரியாது. எங்கே போனாலும், முடிவிலே குறித்த இடத்தில் வந்து சரியாக விழுவார். அங்கே திட்டமும் மனோதர்மமும் பகைவர்களாக இல்லை. எது வரையறைக்கு உரியது, எது கற்பனைக்கு உரியது என்பதை அவர் அறிந்திருந்தார்.

நாவலுக்கும் நாம் கேட்க வேண்டிய கேள்வி அதுவே. எதைத் திட்டமிட வேண்டும், எதைத் திட்டமிடலாகாது? நம் சிற்றறிவுக்கு எட்டியவரை இதிலே மூன்று விஷயங்கள் அடங்கியிருக்கின்றன. ஒன்று, எழுதுகிறவனின் நேரம். இரண்டு, கதை நிகழும் களம். மூன்று, கதையிலே வாழும் மனிதர். நேரத்துக்குக் கண்டிப்பான திட்டம் வேண்டும். களத்துக்குப் பிழையில்லாத கணக்கு வேண்டும். மனிதருக்கு மட்டும் முன்கூட்டிய தீர்ப்பு ஆகாது. இதுவே நமது கட்சி. இதனை உலக இலக்கியத்திலிருந்து சில உதாரணங்கள் கொண்டு நிறுவ முயல்வோம்.

முதலில் நேரம். 19ஆம் நூற்றாண்டிலே இங்கிலாந்தில் அந்தனி ட்ரொலொப் என்றொரு நாவலாசிரியர் இருந்தார். அவர் எழுத்தை மட்டும் நம்பி வாழ்ந்தவரல்லர். 1834ஆம் ஆண்டு முதல் 1867ஆம் ஆண்டு வரை தபால் இலாகாவிலே உத்தியோகம் பார்த்தவர். நாள்தோறும் காலை ஐந்தரை மணிக்கு மேசையில் இருப்பார். தம்மை எழுப்பிக் கோப்பி கொடுப்பதற்காகவே ஒரு பழைய வேலைக்காரருக்கு வருடத்துக்கு ஐந்து பவுண் மேலதிகமாகக் கொடுத்தார். மேசையிலே கடிகாரத்தை வைத்துக்கொண்டு, கால் மணித்தியாலத்துக்கு 250 சொற்கள் என்று எழுதினார். எத்தனை பக்கம் எழுதினோம் என்று நாட்குறிப்பிலே பதிந்தார். இப்படி அவர் எழுதி முடித்த நாவல்கள் 47. அவர் இறந்தபின் 1883ஆம் ஆண்டில் வெளிவந்த அவருடைய சுயசரிதையிலே இவற்றையெல்லாம் வாசித்தவர்கள், இவர் கலைஞரா, கைத்தொழிலாளரா என்று முகம் சுளித்தார்கள்.

ஆனால் அதே சுயசரிதையில் இன்னொரு செய்தியும் உண்டு. 'யூஸ்டஸ் வைரங்கள்' என்ற நாவலிலே, கதாநாயகி விலையுயர்ந்த வைர மாலையோடு பிரயாணம் செய்து ஒரு விடுதியிலே தங்குகிறாள். அன்றிரவு திருடர் புகுகின்றனர். கதை முழுவதும் அந்தத் திருட்டைச் சுற்றியே பின்னர் சுழல்கிறது. அந்தக் கதாநாயகியை விடுதியிலே படுக்க வைக்கும் வரையில், திருடரை ஏவும் எண்ணமே தமக்கு இருக்கவில்லை என்று ட்ரொலொப் சொல்கிறார். பாருங்கள், மணிக்கூட்டை வைத்து எழுதிய மனிதர், அடுத்த அத்தியாயத்திலே என்ன நடக்கும் என்பதைத் தெரியாமலே எழுதியிருக்கிறார். அவர் திட்டமிட்டது தம்மை, கதையை அன்று.

நம்மிற் பலர் இதைத் தலைகீழாகச் செய்கிறோம். கதைக்கு முப்பது அத்தியாயத் தலைப்புப் போடுகிறோம். எழுதும் வேளைக்கு ஒரு மணித்தியாலம் ஒதுக்குவதில்லை. விரிவுரை, ஒப்படை, பரீட்சை என்று காரணம் காட்டுகிறோம். நாளொன்றுக்கு 300 சொற்கள் எழுதினால் 200 நாட்களில் 60,000 சொற்கள் சேர்ந்துவிடும். அது ஒரு நாவல். காஞ்சியிலே கச்சியப்பர் கந்தபுராணத்தை நாளுக்கு நூறு பாடலாகப் பாடி, அன்றன்று சந்நிதானத்திலே வைத்தார் என்றும், காலையிலே அவற்றுள் திருத்தங்கள் காணப்பட்டன என்றும் வழிவழியாகச் சொல்வர். புராண படனம் கேட்டு வளர்ந்த நமக்கு இக்கதை புதிதன்று. அருளைப் பற்றிப் பேசும் அந்தக் கதையிலேகூட, நாளுக்கு இவ்வளவு என்ற அளவும், எழுதியபின் திருத்தம் என்ற முறையும் இருப்பதைக் கவனிக்க வேண்டும்.

அடுத்தது களம். றொபேட் லூயி ஸ்டீவன்சன் எழுதிய 'புதையல் தீவு' நம்மிற் பலர் பாடசாலையிலே வாசித்த நூல். 1881ஆம் ஆண்டிலே ஸ்கொத்லாந்தில், மழைக்கால விடுமுறை ஒன்றிலே, ஒரு சிறுவனோடு பொழுது போக்கும்போது, ஸ்டீவன்சன் ஒரு தீவின் படத்தை வரைந்து வர்ணம் தீட்டினார். குடாக்களும் குன்றுகளும் கொண்ட அந்தப் படத்தைப் பார்க்கப் பார்க்க, அதிலே நடமாடும் மனிதர் அவருக்குத் தோன்றினர். நாளுக்கு ஓர் அத்தியாயமாகப் பதினைந்து நாள் எழுதினார். பின்னர் ஊற்று அடைத்துக்கொண்டது. சில காலம் கழித்து சுவிற்சர்லாந்திலே மறுபடி அமர்ந்து, மீண்டும் நாளுக்கு ஓர் அத்தியாயமாக எழுதி முடித்தார். நூல் அச்சாகும்போது அந்த முதற்படம் தொலைந்துவிட்டது. ஆகவே கதையை வாசித்து, அதிலுள்ள ஒவ்வொரு குறிப்பையும் கணக்கிட்டு, படத்தைப் புதிதாக வரைய வேண்டியதாயிற்று. கதை அந்தப் படத்துக்கு எவ்வளவு உண்மையாக இருந்திருந்தால் அது முடிந்திருக்கும்!

நாவலாசிரியன் தன் களத்தின் படத்தைக் கையிலே வைத்திருக்க வேண்டும், பஞ்சாங்கத்தையும் அருகில் வைத்திருக்க வேண்டும் என்று ஸ்டீவன்சன் பின்னர் ஒரு கட்டுரையில் அறிவுரை கூறினார். சூரியன் எங்கே உதிக்கும், சந்திரன் எப்போது தோன்றும் என்று அறியாமல் எழுதலாகாது என்பது அவர் கருத்து. ஸ்கொத் போன்ற பெரியவரே ஒரு நாவலில் சூரியனைக் கிழக்கிலே மறையச் செய்துவிட்டார் என்று அவர் சுட்டிக் காட்டுகிறார்.

இந்த அறிவுரை நமக்கு மிகவும் வேண்டியது. காலிமுகத்திடலிலே கடலின் மேலே சூரியன் உதிப்பதாக எழுதினால் கொழும்பார் சிரிப்பர். நல்லூர்த் தேர்த் திருவிழா நாளிலே மாரி மழை இடைவிடாது பொழிந்ததாக எழுதினால் யாழ்ப்பாணத்தார் நூலை மூடிவிடுவர். 1950ஆம் ஆண்டில் நிகழும் கதையிலே கதாநாயகன் யாழ்தேவியில் ஏறினால், 1956ஆம் ஆண்டிலேதான் அந்தப் புகைவண்டி ஓடத் தொடங்கியது என்று சொல்ல இந்தச் சபையிலேயே பெரியோர் இருக்கிறார்கள். 2000ஆம் ஆண்டுக் கதையிலே அவன் யாழ்ப்பாணம் புகையிரத நிலையத்தில் இறங்கினால், அந்த ஆண்டிலே வடக்கே பாதையே இருக்கவில்லை என்று சொல்ல இளைஞர்களே போதும். இவற்றைப் பேனையின் போக்குக்கு விடலாகாது. ஊரின் படம், வீட்டின் அமைப்பு, பாத்திரங்களின் வயது, ஆண்டு, மாதம், விலைவாசி ஆகியவற்றை முன்கூட்டியே எழுதி வைக்க வேண்டும். இது கற்பனைக்கு விலங்கு அன்று. களத்தில் நம்பிக்கை ஏற்பட்டால்தான், அங்கே நிகழும் அதிசயத்தையும் வாசகன் நம்புவான்.

மூன்றாவது மனிதர். இங்கேதான் நாம் திட்டக்காரரோடு மாறுபடுகிறோம்.

ருஷ்ய ஞானி டோல்ஸ்டோய் 1873ஆம் ஆண்டில் 'அன்னா கரேனினா'வைத் தொடங்கியபோது, கணவனை விட்டு நீங்கும் அப்பெண்ணைப் பற்றி அவர் உள்ளத்திலே ஒரு தீர்ப்பு இருந்தது. முதல் வரைவுகளிலே அவள் பண்பும் கவர்ச்சியும் குறைந்தவளாகவும், கணவன் நல்லவனாகவும் வருகின்றனர். ஆனால் எழுத எழுத, திருப்பித் திருப்பி எழுத, அவள் மாறினாள். அல்லது அவளைப் பார்த்த கண் மாறியது. நாவல் முடிந்தபோது, அவள் செய்ததை ஒப்பாதவர்களும் அவளுக்காகக் கண்ணீர் விடும்படியான ஒரு மனுஷி அங்கே நின்றாள். அதே நாவலிலே விரொன்ஸ்கி என்ற பாத்திரம் தன்னைத் தானே சுட்டுக்கொள்ள முயலும் கட்டத்தைப் பற்றி டோல்ஸ்டோய் 1876ஆம் ஆண்டில் நண்பருக்கு எழுதிய கடிதத்திலே குறிப்பிடுகிறார். அக்கட்டத்தைத் திருத்தி எழுதும்போது, தாம் சற்றும் எதிர்பாராத வகையில், ஆனால் ஐயத்துக்கே இடமின்றி, அவன் துப்பாக்கியை எடுத்துவிட்டான் என்கிறார். பின்னர் வந்த பகுதிகளுக்கு அது இன்றியமையாததாயிற்று.

நமது ஊரிலே பிள்ளை பிறந்த பின்புதான் சாதகம் கணிப்போம். நாவலிலே மட்டும் பலர் பிறக்குமுன்னே சாதகத்தை எழுதி வைத்துவிடுகிறோம். இவன் நல்லவன், இவன் கெட்டவன், இவள் தியாகி, இவள் சுயநலக்காரி என்று பலன் எழுதியபின், அந்த மனிதருக்கு மூச்சு விட இடமேது? அவர்கள் நம் கொள்கையை ஒப்புவிக்கும் மாணவராகிவிடுகின்றனர். ஐந்தாம் அத்தியாயத்திலே நாவல் நின்றுபோவதற்கு, சோம்பலைவிட இதுவே பெரிய காரணம் என்று நாம் நினைக்கிறோம். ஏற்கெனவே தீர்ப்பெழுதிய வழக்கை மீண்டும் விசாரிக்க யாருக்குத்தான் மனம் வரும்?

அப்படியானால் மனிதரைப் பற்றி ஒன்றுமே முன்கூட்டிச் சிந்திக்கக் கூடாதா என்று கேட்கலாம். இதற்கு விடை சாள்ஸ் டிக்கின்ஸ் அவர்களிடம் கிடைக்கிறது. அவர் தமது 24ஆம் வயதிலே, 1836ஆம் ஆண்டில், 'பிக்விக்' கதையைத் தொடங்கியபோது திட்டம் என்று சொல்லத்தக்கது எதுவும் இருக்கவில்லை. சீமோர் என்ற சித்திரக்காரரின் வேடிக்கைப் படங்களுக்குத் துணையாக எழுதும்படி பதிப்பாளர் கேட்டனர். சில வாரங்களுக்குள் அந்தச் சித்திரக்காரர் தம் உயிரைத் தாமே போக்கிக்கொண்டார். கதை டிக்கின்ஸ் கையிலே முழுவதும் வந்தது. நான்காம் இதழிலே சாம் வெல்லர் என்ற வேலைக்காரன் வந்து சேர்ந்தான். அவனுடைய வாய்ச்சாலகத்தில் நாடே மயங்கியது. தொடக்கத்திலே சில நூறு பிரதிகளே விற்ற மாத இதழ், முடிவிலே ஏறத்தாழ 40,000 பிரதிகளாக விற்றது. இது மனோதர்மத்தின் வெற்றி.

ஆனால் அந்த வெற்றியோடு டிக்கின்ஸ் நின்றுவிடவில்லை. 1846ஆம் ஆண்டிலே 'தொம்பியும் மகனும்' நாவலைத் தொடங்கியது முதல், மாதத் தொடராக எழுதிய ஒவ்வொரு நாவலுக்கும், ஒவ்வோர் இதழுக்கும் ஒரு தாள் வைத்துக்கொண்டார். தாளின் வலப்பக்கத்திலே அத்தியாயங்களின் குறிப்பு இருக்கும். இடப்பக்கத்திலே அவர் தம்மிடமே கேட்ட கேள்விகள் இருக்கும். இன்னாரை இந்த இதழிலே கொண்டுவரலாமா? இன்ன இரகசியத்தை இப்போது வெளியிடலாமா? அவற்றுக்கு எதிரே அவரே பின்னர் விடை எழுதியிருக்கிறார். சிலவற்றுக்கு 'ஆம்', சிலவற்றுக்கு 'இல்லை', சிலவற்றுக்கு 'இன்னும் இல்லை'. அத்தாள்களிற் பல லண்டன் விக்டோரியா அல்பேட் நூதனசாலையிலே இன்றும் பாதுகாக்கப்பட்டிருக்கின்றன. தேர்ந்த கலைஞர் ஒருவரின் திட்டத்திலே பாதி கேள்விக் குறிகளாக இருந்தது என்பதை நாம் மனத்திற் கொள்ள வேண்டும். மனிதரைப் பற்றிய திட்டம் கட்டளையாக அமையலாகாது. கேள்வியாக அமைய வேண்டும்.

இதனை நமது வாழ்விலிருந்தே ஓர் உதாரணத்தால் விளக்குவோம். 1995ஆம் ஆண்டு ஐப்பசி மாத இறுதியிலே வலிகாமத்து மக்கள் ஒரே இரவிலே வீடு வாசல் விட்டுத் தென்மராட்சி நோக்கி நடந்ததைப் பெரியோர் பலர் கண்டிருக்கிறீர்கள். அதைப் பற்றி ஓர் இளைஞன் நாவல் எழுதுகிறான் என்று வைத்துக்கொள்வோம். அதிலே அடகு பிடிக்கும் ஒரு முதலாளி வருகிறார். இவர் கொடியவர் என்று திட்டத்தில் எழுதியாயிற்று. ஊராரின் நகைகள் அவரிடம் இருக்கின்றன. ஒவ்வொன்றிலும் பெயர் எழுதிய துண்டு கட்டியிருக்கிறது. மழையிலே, சனநெருக்கத்திலே, அந்தப் பொட்டலத்தை மடியிலே கட்டிக்கொண்டு அவர் நாவற்குழிப் பாலத்தை அணுகுகிறார். அவருக்கு முன்னாலே, பசித்த குழந்தையைத் தோளிலே போட்டுக்கொண்டு ஒரு தாய் நடக்கிறாள். அவளுடைய தாலிக்கொடி அந்தப் பொட்டலத்திலே இருக்கிறது.

திட்டத்தின்படி அவர் கொடுக்க மாட்டார். எழுதுகிறவன் அந்த இடத்திலே பேனையை நிறுத்த வேண்டும். அந்தக் கிழவரின் காலிலே செருப்பு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அவரோடு யார் வந்தார், யாரை விட்டு வந்தார் என்று கேட்க வேண்டும். அந்தப் பொட்டலத்தை அவர் ஆசையால் கட்டிக்கொண்டாரா, அல்லது அது தம்முடையதல்ல என்ற பயத்தால் கட்டிக்கொண்டாரா என்று கேட்க வேண்டும். கொடுப்பாரா? 'ஆம்' என்றும் எழுதலாம். 'இல்லை' என்றும் எழுதலாம். டிக்கின்ஸ் எழுதியது போல 'இன்னும் இல்லை' என்று எழுதிவிட்டு, அவரைப் பாலத்தின் மறுகரை வரை பின்தொடர்ந்தும் போகலாம். மறுகரையிலே அவர் வேறு மனிதராக நிற்கக்கூடும். எதை எழுதினாலும், முன்பே தெரிந்த விடையாக இராமல், அங்கே நின்று கண்ட விடையாக இருந்தால், அது நாவல்.

சபையோரே, இங்கே நாம் ஒரு பாரமான விஷயத்தைத் தொடுகிறோம். 1983ஆம் ஆண்டிலிருந்து 2009ஆம் ஆண்டு வரை இந்நாடு அனுபவித்த போரைப் பற்றி எழுத வேண்டும் என்ற ஆசை எங்கள் தலைமுறையினருக்கு உண்டு. ஆனால் அதன் முடிவை நாங்கள் மழலைப் பருவத்திலே கண்டவர்கள். எங்களுக்குக் கிடைத்திருப்பவை பெரும்பாலும் ஆயத்தமான தீர்ப்புகளே. யார் வீரன், யார் துரோகி, யார் கோழை, யார் ஊரை விட்டு ஓடியவன் என்று பட்டியல்கள் பல பக்கங்களிலிருந்தும் வந்து சேர்கின்றன. அந்தப் பட்டியலை அத்தியாயமாகப் பிரித்து எழுதினால் அது துண்டுப்பிரசுரமாகும், நாவல் ஆகாது. அந்த நாட்களில் வாழ்ந்தவர்கள் நாளை என்ன நடக்கும் என்று தெரியாமலே ஒவ்வொரு நாளும் முடிவெடுத்தார்கள். அவர்களைப் பற்றி எழுதுகிறவன், முடிவு தெரிந்தவனுடைய மேட்டிமையோடு எழுதலாகாது. அந்தத் தெரியாமையைத் தானும் தாங்கிக்கொண்டு எழுத வேண்டும். இதனாலேதான், மனிதரை மனோதர்மத்துக்கு விட வேண்டும் என்பதை வெறும் உத்தியாக நாம் கருதவில்லை. அதனை ஒரு நேர்மையாகவே கருதுகிறோம்.

இனி, நமது கட்சிக்கு எதிராகச் சொல்லக்கூடியவற்றையும் மறைக்காமற் சொல்வோம். வந்தபடி எழுதினால் கதை வழிதவறாதா? தவறக்கூடும். தமிழ் நாவலின் ஆரம்ப காலத்திலேயே இதற்கு ஓர் உதாரணம் உண்டு. ராஜமையர் 'கமலாம்பாள் சரித்திர'த்தை 1893ஆம் ஆண்டிலே 'விவேக சிந்தாமணி' என்ற மாதச் சஞ்சிகையில் எழுதத் தொடங்கியபோது அவருக்கு வயது ஏறத்தாழ 21. இன்று இங்கே இருக்கும் எங்கள் வயது. முற்பகுதியிலே ஒரு கிராமமும் குடும்பமும், ஊர் வம்பும், நகைச்சுவையும் கண்ணெதிரே நிற்கின்றன. பிற்பகுதியிலே கதை வேதாந்தத்தை நோக்கித் திரும்பிவிடுகிறது. இது கலையமைதியைக் குலைத்துவிட்டது என்று குறை கூறிய விமர்சகர் உண்டு. ஆனால் அதைத் தொடங்கிய இளைஞரும் முடித்த இளைஞரும் ஒருவரே அல்லர் என்று தோன்றுகிறது. கதை எழுதிய காலத்திலே அவருடைய தேடலும் ஆழமாயிற்று. 1898ஆம் ஆண்டிலே, 26 வயதிலே, அவர் காலமானார். குறை இருக்கட்டும்; முதற்பகுதியின் உயிரை எந்தத் திட்டமும் அவருக்குக் கொடுத்திராது.

கல்கி அவர்களின் 'பொன்னியின் செல்வன்' வேறுவகை உதாரணம். 1950ஆம் ஆண்டு ஒக்ரோபரிலே தொடங்கி 1954ஆம் ஆண்டு வரை வாரந்தோறும் வெளிவந்த அப்பெரிய கதை தன் வழியை ஏன் இழக்கவில்லை? ஆதித்த கரிகாலன் கொலையுண்டான், உத்தம சோழன் முடிசூடினான், பின்னரே இராஜராஜன் அரியணை ஏறினான் என்ற சரித்திரம் தாளத்தைப் போல அடியிலே நின்றது. ஆனால் கதையை நடத்திச் செல்லும் வந்தியத்தேவனைப் பற்றியோ, குந்தவையின் கணவன் என்பதற்கு மேலாகக் கல்வெட்டுகள் சொல்வது மிகக் குறைவு. அந்தக் குறைவுதான் கல்கிக்குக் கிடைத்த வரம். வரையறை ஓரிடத்தில், மனோதர்மம் வேறோரிடத்தில்.

அவசரத்திலே எழுதப்பட்டது என்று எல்லோரும் எடுத்துக்காட்டும் நாவல் ஒன்றும் உண்டு. தொஸ்தொயெவ்ஸ்கி 1866ஆம் ஆண்டிலே, ஒரு கடுமையான ஒப்பந்தத்துக்கு அஞ்சி, 'சூதாடி'யை 26 நாட்களிலே சுருக்கெழுத்துப் பெண் ஒருவருக்குச் சொல்லி எழுதுவித்தார். மறு ஆண்டு அப்பெண்ணையே மணந்தார் என்பது வேறு கதை. இதைக் காட்டி, ஆயத்தமின்றியும் எழுதலாம் என்போர் ஒன்றை மறந்துவிடுகின்றனர். அந்தக் கதையின் கருவை அவர் 1863ஆம் ஆண்டிலேயே ஒரு கடிதத்தில் விவரித்திருந்தார். சூதாட்டத்தின் வேதனையையோ தம் உடம்பாலேயே அறிந்திருந்தார். 26 நாட்களிலே வெளிவந்தது, மூன்று ஆண்டுகள் சுமந்த பிள்ளை. மனோதர்மம் என்பது வெறுங்கையோடு மேடை ஏறுவதன்று. வித்துவான் பல்லாண்டு சாதகம் செய்தபின்பே அந்த ஒரு மணித்தியாலம் சுதந்திரமாக இருக்கிறான்.

ஆகவே நாவல் எழுத விரும்பும் நண்பர்களுக்கு நாம் சொல்லக்கூடியது இவ்வளவே. எழுதும் வேளையை இன்றே குறித்துவிடுங்கள், அதை மாற்றாதீர்கள். களத்தின் படத்தையும் ஆண்டு மாதக் கணக்கையும் ஒரு தாளிலே எழுதிச் சுவரிலே ஒட்டுங்கள். முடிவு ஒன்று மனத்திலே தோன்றினால் அதனையும் குறித்துக்கொள்ளுங்கள். ஆனால் அதைப் பென்சிலால் எழுதுங்கள். மனிதரைப் பற்றிக் கேள்விகளை மட்டும் எழுதுங்கள். முதல் வரைவை எப்படியாவது முடித்துவிடுங்கள். முடித்தபின்புதான் உங்கள் கதை எதைப் பற்றியது என்று உங்களுக்கே விளங்கும். அப்போது மறுபடி தொடக்கத்துக்குப் போய், வேண்டாததை வெட்டி, விட்டதைச் சேர்த்துத் திருத்துங்கள். திட்டக்காரர் கேட்கும் ஒழுங்கு அந்த இரண்டாம் எழுத்திலே தானே வந்து அமையும்.

பெரியோர்களிடம் ஒரு வேண்டுகோள் உண்டு. உங்கள் வீட்டுப் பிள்ளை பாதி எழுதிய கொப்பியோடு வந்து நின்றால், "முடிவு என்ன?" என்று முதலிலே கேட்டுவிடாதீர்கள். "இதிலே வரும் இந்த மனிதர் யார்? அந்த நாளிலே அவர் என்ன செய்தார்?" என்று கேளுங்கள். பிள்ளைக்கு விடை தெரியாவிட்டால், நீங்கள் கண்டதையும் கேட்டதையும் சொல்லுங்கள். பாலத்தைக் கடந்தவர்கள் நீங்கள். எழுத வேண்டியவர்கள் நாங்கள். நீங்கள் சொல்லாமல் விட்டால், எங்கள் கொப்பிகள் ஐந்தாம் அத்தியாயத்திலேயே நிற்கும்.